யாவரும் சுகம்: யாழ்ப்பாணக் கடிதங்களுக்கு ஓர் உரை

பாயிரம்

புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து தெற்கே நேர்கோடு கிழித்தால் ஏறக்குறைய 250 கிலோமீட்டரில் யாழ்ப்பாணம். கோயம்புத்தூர் அதைவிடத் தொலைவு. நம் ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலிலிருந்து அளந்தால் 140 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்த ஊரிலிருந்து, இங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தாய் எழுதிய கடிதம் வந்து சேரப் போர்க்காலத்தில் மாதக்கணக்கானது. வராமலே போன கடிதங்களும் உண்டு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் படிக்க வந்தார்கள். அவர்களுக்கு வந்த குடும்பக் கடிதங்களை இலக்கியம் என்று யாரும் எண்ணியதில்லை. ஆனால் 2009 மே வரை நீண்ட அந்தப் போரை, அடுப்படியிலும் விறாந்தையிலும் இருந்து பார்த்துச் சொன்ன சாட்சி அவைதாம். அந்தச் சாட்சியைப் புரிந்துகொள்ள உரை வேண்டும். எழுதியவர்கள் பாதியைத்தான் எழுதினார்கள். கடிதம் எந்தக் காவலரணில் பிரிக்கப்படும், யார் கையில் சிக்கும் என்ற அச்சம் மறுபாதியைச் சொல்லவிடாமல் தடுத்தது. பிள்ளையைக் கலங்கவைக்கக் கூடாது என்ற தாய்மனமும் தடுத்தது.

ஒரு குடும்பத்தின் கடிதத்தை அச்சில் ஏற்றி அலசுவது முறையாகாது. ஆகவே அக்காலக் கடிதங்களில் வழக்கமாக வந்த செய்திகளையும் பேச்சையும் கொண்டு மூன்று மாதிரிக் கடிதங்களை நானே எழுதியிருக்கிறேன். இதில் வரும் குடும்பம் கற்பனை. உரையில் வரும் இடம், தேதி, நிகழ்ச்சி எல்லாம் வரலாறு. முதல் இரண்டு கடிதங்களும் காலாப்பட்டில் படிக்கும் மகனுக்குத் தாய் எழுதுவதாக அமைந்தவை. மூன்றாவது, போர் முடிந்து பத்தாண்டுக்குப் பின், இதே ஊரில் படிக்கும் பேத்திக்கு அதே தாய் எழுதுவது.

முதற் கடிதம்: ஆவணி 1992

மூலம் 1

“உ. முருகன் துணை. அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, நான், தம்பி, தங்கச்சி யாவரும் சுகம். உன்ர சுகத்துக்கும் படிப்புக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். தேருக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்தோம்.”

உரை

எல்லாத் தமிழ்க் கடிதங்களும் இப்படித்தான் தொடங்கும் என்று இதைக் கடந்து போய்விடக் கூடாது. போர்க்காலக் கடிதத்தில் முதலில் படிக்க வேண்டியது பெயர் வரிசை. அப்பா, நான், தம்பி, தங்கச்சி என்று நால்வர். விடுதி அறையில் உறையைப் பிரிக்கும் மாணவனின் கண் முதலில் தேடுவது இந்த நால்வரைத்தான். நால்வரும் இருந்தால் மற்றச் செய்திகளை ஆறுதலாகப் படிக்கலாம். ஒரு பெயர் குறைந்தால், அடுத்து என்ன எழுதியிருந்தாலும் அந்தக் குறைவுதான் செய்தி.

‘யாவரும் சுகம்’ என்பதற்கு, இதை எழுதும் நேரம் வரை யாரும் சாகவில்லை என்பதே அந்த ஆண்டுகளில் பொருள். கடிதம் கைக்கு வரும் நாளில் அது உண்மையாக இருக்குமா என்பது தாய்க்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. அதனால்தான் சுகத்தைச் சொன்ன உடனே நல்லூரானிடம் பொறுப்பை ஒப்படைக்கிறாள். தேருக்குப் போய் வந்ததைச் சொல்வது பக்தி மட்டுமன்று. கோயிலுக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு அன்றைக்கு ஊர் இருந்தது என்ற தகவலும் அதில் அடக்கம்.

மூலம் 2

“நீ வைகாசியில் எழுதியதும் ஆனியில் எழுதியதும் சேர்ந்து நேற்றுத்தான் கிடைத்தது. பக்கத்து ஒழுங்கை மாஸ்டர் கொழும்புக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நனையாமல் போய்ச் சேர வேணும்.”

உரை

இலங்கைத் தமிழர் ஆங்கில மாதங்களையே தமிழ்ப் பெயரால் சொல்வது வழக்கம். வைகாசி மே, ஆனி ஜூன், ஆவணி ஆகஸ்ட். மே மாதக் கடிதம் ஆகஸ்டில் வந்திருக்கிறது.

‘நனையாமல்’ என்பதில் ஒரு பயணத்தின் முழு ஆபத்தும் இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் தரைவழி அடைபட்டது. ஆனையிறவில் இராணுவ முகாம், பூநகரியில் இன்னொரு முகாம். வெளியே போக மக்களுக்கு எஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி. இரவில், விளக்கில்லாமல், சிறு படகுகளில் கடக்க வேண்டும். கடற்படை கண்டால் சுடும். 1993 ஜனவரி 2 அன்று அந்த நீரேரியில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். நீரேரியைத் தாண்டி வன்னி, பிறகு வவுனியாச் சோதனைச் சாவடி, அப்புறம் கொழும்பு. அங்கே தபாலில் சேர்த்தால் சென்னை வழியாகப் புதுச்சேரி.

கிளம்புவதற்கே புலிகளிடம் ‘பாஸ்’ வாங்க வேண்டும். அதற்குப் பிணையாக ஒருவர் ஊரில் நிற்க வேண்டும். ஆக, மாஸ்டரின் பைக்குள் இருந்த கடிதம் இரு தரப்புக் காவலையும் தாண்டியாக வேண்டும். அதனால்தான் இதில் பெடியள் (புலிகள்) என்ற பேச்சும் இல்லை, ஆமி (இராணுவம்) என்ற பேச்சும் இல்லை. பிடிபட்டால் மாட்டிக்கொள்வது எழுதியவள் மட்டுமல்ல, சுமந்து போனவரும்தான். அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அந்த மாஸ்டரின் உயிருக்கு அவள் செய்த காவல்.

போருக்கு முன் இதே வழி எப்படி இருந்தது? விழுப்புரத்தில் ரயிலேறி இராமேசுவரம் போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஊர் போய்ச் சேரலாம். போர் தொடங்கியதும் அந்தக் கப்பல் நின்றுபோனது.

மூலம் 3

“கரண்ட் இல்லாதது பழகிப்போச்சு. தங்கச்சி ஜாம் போத்தல் விளக்கில்தான் படிக்கிறாள். மார்கழியில் அவளுக்கு ஓ.எல். சோதினை. இரவில் தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சுத்த, அப்பா தமிழோசை கேட்பார்.”

உரை

1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அரசு பொருளாதாரத் தடை விதித்திருந்தது. பற்றரி, பெட்ரோல், சீமெந்து, உரம் போன்றவை போகக் கூடாது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கட்டாது. அந்த நெருக்கடியில் வீட்டுக்கு வீடு எரிந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. கண்ணாடிப் போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் தாங்கி நிற்கும் சிறு திரி. போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. எண்ணெய் மிகக் குறைவாகவே செலவாகும். ஒரு தலைமுறையே அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதினை எழுதியது.

சைக்கிள் செய்தியும் அப்படியே. பற்றரி இல்லாத ஊரில் ரேடியோ பாட வேண்டுமானால் சைக்கிள் டைனமோதான் வழி. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் குனிந்து பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். தம் ஊரில் நேற்று விழுந்த குண்டைப் பற்றி லண்டன் சொல்லக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் தாய்க்கு முக்கியமாகப் படுவது மகளின் சோதினை. யாழ்ப்பாணத்தாரின் படிப்பு மோகம் என்று இதைச் சுருக்கிச் சொல்வார் உண்டு. காரணம் அதைவிட ஆழம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல், நல்ல மதிப்பெண் எடுத்த தமிழ்ப் பிள்ளைகளையும் வெளியே நிறுத்தியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. படிப்புக்கு நேர்ந்த இந்த இரண்டு அடிகளையும் கண்டவள்தான் மகனைக் கடல் கடந்து படிக்க அனுப்பினாள். மகளை விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்ததும் அவளே. விளக்கைப் பற்றிய அந்த ஒரு வரியில் புகார் இல்லை. நீயும் படி என்ற கட்டளைதான் இருக்கிறது.

மூலம் 4

“அங்கத்தைச் செய்தியும் ரேடியோவில் கேட்டோம். ஒருவரோடும் தேவையில்லாத கதை வைச்சுக்கொள்ளாதே. பதிவுக்கு நேரத்துக்குப் போ. அங்கத்தைச் சனம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை, அதை மறக்காதே.”

உரை

இந்த நான்கு வாக்கியங்களும் புதுச்சேரியைப் பற்றியவை. ‘அங்கத்தைச் செய்தி’ எதுவென்று தாய் சொல்லவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே 14இல் விடுதலைப் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்கு மூன்று மாதம் கழித்து எழுதப்படுகிறது இந்தக் கடிதம். ஒரு கொலைக்குப் பின் ஒரு மொழிவழக்கே சந்தேகத்துக்கு உள்ளானது. தேநீர்க் கடையில் ‘கதைக்கிறது’ என்று ஒருவன் சொன்னால் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்த காலம் அது. தமிழகத்தில் ஈழ அகதி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் இருந்த இட ஒதுக்கீடும் அப்போது நின்றது.

காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் எல்லைக்கு அப்பால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. கடவுச்சீட்டோடு வந்தவன் மாணவன், படகில் வந்தவன் அகதி. ஒரே ஊர், ஒரே பேச்சு, ஆனால் இரண்டு பதிவேடுகள். ‘பதிவுக்கு நேரத்துக்குப் போ’ என்ற வரியை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். பதிவைத் தவறவிட்டால் மாணவன் என்ற தகுதியே ஆட்டம் காணும்.

கடைசி வாக்கியத்தின் அருமை தெரிய இன்னும் ஐந்து ஆண்டு பின்னால் போக வேண்டும். 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். அமைதிப்படை வந்தது. அக்டோபரில் அது புலிகளோடு போரில் இறங்கியது. அந்தத் தீபாவளி நாளில், அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் மாண்டார்கள். 1990 மார்ச்சில்தான் படை திரும்பியது. இவ்வளவையும் தன் ஒழுங்கையில் இருந்து பார்த்த ஒரு பெண், இந்திய மக்கள் எங்களுக்குக் குறை வைக்கவில்லை என்று எழுதுகிறாள். படையையும் மக்களையும் அவள் பிரித்துப் பார்க்கிறாள். பெரிய மனசு என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் போதாது, இது அவளுடைய அரசியல் தெளிவு. அதே தெளிவோடு அந்த மாணவனைப் பார்த்தவர்கள் புதுச்சேரியிலும் இருந்தார்கள், பார்க்காதவர்களும் இருந்தார்கள்.

மூலம் 5

“பாரிஸ் பெரியப்பா காசு அனுப்புவார். அவருடைய பக்கத்து அறையில் இருக்கிறவர் பாண்டிச்சேரி ஆள்தானாம். ஊருக்கு வரும்போது கையில் தருவார். காப்பு விஷயம் கேட்டிருந்தாய். அது இருக்கிறது.”

உரை

யாழ்ப்பாணத்தில் எழுதப்படும் கடிதம், பாரிஸில் இருந்து வரும் காசு, புதுச்சேரியில் நடக்கும் படிப்பு. போர் ஒரு குடும்பத்தை மூன்று நாடுகளில் பங்கிட்டு வைத்திருக்கிறது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் பெருகியது அந்த ஆண்டுகளில்தான். பிரெஞ்சுக் குடியுரிமையோடு போன புதுச்சேரிக்காரர்கள் அந்நகரில் முன்பே இருந்தார்கள். இரு வகைத் தமிழரும் அங்கே சந்தித்தார்கள்.

கடல் கடந்த கடிதத்துக்குக் காத்திருப்பது புதுச்சேரிக்குப் புதிதும் அன்று. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த ‘சொல்தா’க்களின் குடும்பங்கள் இந்தோசீனாவிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வரும் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றவை. சைகோனுக்குப் போன உறவைப் பற்றிய பேச்சு இன்னும் பல வீடுகளில் உண்டு. இந்த ஊருக்கு அந்தத் தாயின் தவிப்பு புரிந்திருக்கும்.

‘காப்பு இருக்கிறது’ என்பதைக் கவனிக்க வேண்டும். மகனைப் படிக்க அனுப்ப நகை அடகு வைப்பது அக்காலக் குடும்பங்களின் பொதுக் கதை. காப்பு கையில் இருந்தால் தாய் அதைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதியிருப்பாள். வெட்டினாற்போல் வரும் பதிலுக்கு ஐயப்பட இடமுண்டு. உண்மை எது என்று உரைகாரர் முடிவு கட்ட முடியாது. கடிதத்தைப் பெற்ற மகனுக்குத் தெரியும்.

இரண்டாம் கடிதம்: தை 1996

மூலம் 6

“மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்து யோசியாதே. சாவகச்சேரியில் ஒரு வாத்தியார் வீட்டு விறாந்தையில் இருக்கிறோம். ஐப்பசி முப்பது இரவு வெளிக்கிட்டது. நல்ல மழை. உன்ர சேர்ட்டிபிக்கற்றுகளும் காணி உறுதியும் எடுத்தோம். மாட்டை அவிழ்த்து விட்டோம்.”

உரை

இங்கே விலாசமே தலைப்புச் செய்தி. 1995 அக்டோபர் 17இல் இராணுவம் சூரியக்கதிர் நடவடிக்கையைத் தொடங்கியது. அக்டோபர் 30இல், வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி புலிகள் அறிவித்தார்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி ஒரே இரவில் நகர்ந்தார்கள். சில கிலோமீட்டர் கடக்க இரவு முழுவதும் போதவில்லை. தென்மராட்சியின் பள்ளிகளும் கோயில்களும் விறாந்தைகளும் நிரம்பி வழிந்தன. டிசம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது.

எடுத்துக்கொண்டது எவை என்று பாருங்கள். காணி உறுதி, திரும்பி வருவோம் என்ற நம்பிக்கைக்கு. பிள்ளையின் சான்றிதழ், திரும்பாவிட்டாலும் அவன் பிழைத்துக்கொள்ள. பாத்திரம், துணிமணி பற்றிப் பேச்சில்லை. மாட்டை அவிழ்த்து விட்டது, கட்டிப்போட்டால் பட்டினியில் சாகும் என்பதால். ‘அவிழ்த்து விட்டோம்’ என்பதோடு நின்றுவிடுகிறாள். அந்த மாட்டுக்குப் பெயர் இருந்திருக்கும். பெயரைச் சொன்னால் எழுத முடியாமல் போயிருக்கும்.

இந்த இடத்தில் உரைகாரர் சொல்லியாக வேண்டிய இன்னொரு அக்டோபர் 30 உண்டு. ஐந்தாண்டுக்கு முன், 1990இல், அதே நாளில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகள் விரட்டினார்கள். காணி உறுதி எடுக்கவும் பலருக்கு அவகாசம் இருக்கவில்லை. வட மாகாணம் முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் வேரோடு பிடுங்கப்பட்டு, பெரும்பாலும் புத்தளத்தில் அகதிகளானார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தாய்மார் கடிதம் எழுதியிருப்பார்கள். வெளியேற்றப்பட்டோரின் துயரத்தைப் படிக்கும் எவரும் இரண்டு அக்டோபர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூலம் 7

“அப்பா, நான், தங்கச்சி சுகம். தம்பி மாமா வீட்டில் நிற்கிறான்.”

உரை

முதற் கடிதத்தின் வரிசையோடு இதை வைத்துப் பாருங்கள். நால்வர் மூவராகிவிட்டார்கள். தம்பிக்குத் தனி வாக்கியம், தனி இடம். ‘சுகம்’ என்ற சொல் அவனோடு சேரவில்லை.

மாமா வீடு என்பது உண்மையிலேயே மாமா வீடாக இருக்கலாம். பிள்ளைகளைக் காப்பாற்றக் கொழும்புக்கோ வன்னிக்கோ உறவினரிடம் அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அவன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்பதைத் தாய் இப்படி மறைத்திருக்கலாம். இடப்பெயர்வின் நெரிசலில் தவறிப்போனவனைப் பற்றி நல்லது நினைத்து எழுதியும் இருக்கலாம். மூன்றில் எது என்று கடிதத்தை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாது. மாமா என்று ஒருவர் உண்டா, அவர் எந்த ஊர் என்று அறிந்தவன் ஒருவன்தான், காலாப்பட்டில் இருந்த மூத்தவன். அவன் விளக்கம் எழுதி வைக்காவிட்டால் இந்த வாக்கியம் என்றைக்கும் பூட்டியே கிடக்கும். மாதிரிக் கடிதத்தில் இதை வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறேன். உண்மைக் கடிதங்களில் இத்தகைய வாக்கியங்கள்தாம் அதிகம்.

மூன்றாம் கடிதம்: கார்த்திகை 2019

மூலம் 8

“அன்புள்ள பேத்திக்கு அப்பம்மா எழுதிக்கொள்வது. போனில் நீ கேட்டதுக்குப் பேச்சை மாத்திப்போட்டன். அதுதான் எழுதுறன். இப்ப கரண்ட் இருக்கு, கோச்சி ஓடுது, பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேனும் விட்டிருக்கினம். ஆனாலும் கவனமாய்த்தான் இருக்க வேணும்.”

உரை

போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. உயிரோடு வந்தவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள்.

அப்பம்மா சொல்லும் வசதிகள் எல்லாம் உண்மை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 அக்டோபரில் திரும்பி வந்தது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைக்கு விமானம் பறந்தது. மூன்று மாதம் ஆன வழி ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அப்படியிருந்தும் ‘கவனம்’ என்கிறாள். அதே நவம்பரில், இறுதிப் போரின்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவானார். 1992இல் அவள் எழுதிய எச்சரிக்கை வேறு சூழலில் மறுபடி வருகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்ற கேள்விக்கு அவளே பதில் சொல்கிறாள். குரல் கேட்டுப் பேசும்போது வாய் பேச்சை மாற்றிவிடுகிறது. தாளில் எழுதும்போது மாற்ற முடியவில்லை. போர்க்காலத்தில் மறைப்பதற்குப் பயன்பட்ட கடிதம், போருக்குப் பின் சொல்வதற்குப் பயன்படுகிறது.

மூலம் 9

“நீ கேட்டாய், சித்தப்பாவின்ர படத்துக்கு ஏன் மாலை இல்லையெண்டு. போடமாட்டன். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லினம். நான் கையெழுத்து வைக்கேல்லை.”

உரை

1992இல் தம்பி, 2019இல் சித்தப்பா. காணாமற்போனவன் வீட்டில் உறவுமுறைகள் வளர்ந்துகொண்டே போகின்றன. அவன் முகம் மட்டும் படத்தில் அந்த வயதிலேயே நிற்கிறது. தமிழ் வீட்டில் மாலை போட்டால் இறந்தவர் என்று பொருள். மாலை போடாத படம், தேடல் முடியவில்லை என்ற அறிவிப்பு.

இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் 1996இல் மட்டும் அங்கே நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள். செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது குழந்தைகளுடையவை உட்பட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1995இல் ஐந்து இலட்சம் பேர் நடந்து போன வழி அது. வன்னியில் 2009இல் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் நடத்துகிறார்கள். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் வேலையைத் தொடங்கியது. அந்த வீதியோரத் தாய்மார் கேட்பது இழப்பீட்டை அல்ல, பதிலை. கையெழுத்து வைத்தால் காசு வரலாம், ஆனால் கேள்வி மூடப்படும். அப்பம்மாவின் மறுப்பைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் அவள் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். தாய் ஒருத்தி அரசுக்கு எதிராக வைத்திருக்கும் ஒரே வழக்கு அந்த மாலையில்லாத படம்.

மூலம் 10

“உன்ர அப்பா எழுதின கடிதம் ஒன்றும் என்னட்டை இல்லை. 95இல் பெட்டியோடு விட்டிட்டு வந்தது. நான் எழுதினது அங்கை இருந்தால் எறியாதேங்கோ. நீ எடுத்துப் படி. விளங்காததை அப்பாவிட்டைக் கேள்.”

உரை

ஈழத்துக் கடிதங்களைப் பற்றிய அடிப்படை உண்மை இதுதான். கடிதப் போக்குவரத்தில் இரு பக்கம் உண்டு. இங்கிருந்து அங்கே போன கடிதங்களில் பெரும்பகுதி இடப்பெயர்விலும் தீயிலும் மழையிலும் அழிந்தது. அங்கிருந்து வெளியே வந்தவை புதுச்சேரியிலும் சென்னையிலும் பாரிஸிலும் டொராண்டோவிலும் பிழைத்துக் கிடக்கின்றன. போரின் நடுவில் எழுதப்பட்ட சொற்கள் போர் நடக்காத ஊர்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பும் இந்த ஊர்களுக்கு வந்துவிட்டது.

‘விளங்காததை அப்பாவிட்டைக் கேள்’ என்று அப்பம்மா உரைகாரரையும் நியமித்துவிடுகிறாள். இக்கட்டுரை சொல்ல வந்ததும் அதுவே.

முடிவுரை

புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சிட்டார். அதன் பாடல்களின் அடியில் யார் யாரை எந்தச் சூழலில் பாடியது என்று குறிப்புகள் உண்டு. அந்தச் சில வரிகள் இல்லாவிட்டால் பல பாடல்கள் யாருடைய துயரம் என்றே தெரிந்திருக்காது. பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவே இல்லை. ஏடு அழிந்தால் பாட்டுப் போகும், குறிப்பு அழிந்தால் பொருள் போகும் என்பதை நம் மொழி நன்றாகவே அனுபவித்திருக்கிறது.

புதுச்சேரி எழுதி வைக்கும் ஊர். இங்கே தலைமை அஞ்சலகம் இருக்கும் வீதிக்கே, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ரங்கப்பிள்ளையின் பெயர். பிற்காலத்தில் இங்கேயே வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், தமக்கு கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பத்திரப்படுத்தியதால்தான் அவை நூலாயின.

ஆகவே, அந்தக் காலத்தில் இங்கே படித்து இன்று ஐம்பதைக் கடந்து நிற்பவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்த வேண்டுகோள். கடிதக் கட்டை வெளியே எடுங்கள். தேதி வாரியாக அடுக்கி எண் இடுங்கள். உறையை எறியாதீர்கள், முத்திரையில்தான் கடிதம் வந்த வழி இருக்கிறது. படமெடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் சம்மதத்தைக் கேட்டு, 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் போன்ற இடத்தில் பிரதியை ஒப்படைக்கலாம். வெளியிடக் கூடாத பெயர்களை மறைத்துக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு தாள் வையுங்கள். மாமா யார், எந்த ஊர், காப்பு என்னவானது, எந்தப் பெயர் எப்போது வரிசையிலிருந்து விடுபட்டது என்று அதில் எழுதுங்கள். அந்த உரையை எழுத இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. இந்த வருடத்துக்குள் எழுதிவிடுங்கள்.